ஆறு வார்த்தைப் பூட்டு

அத்தியாயம் 3

பெயின்ட் கம்பெனி முதலாளியின் அறையில் நாலு சுவருக்கும் நாலு நிறம். ஒரே நிறம் அடித்தால் மற்றவை கோபித்துக்கொள்ளும் என்று நினைத்தாரோ என்னவோ. மாப்பிள்ளைக்கு மஞ்சள் சுவருக்கு எதிரே நாற்காலி கிடைத்தது. அத்தை நீலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பேச்சைத் தொடங்கலாம் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

அத்தை என்றால் மாப்பிள்ளைக்கு மாமியார். வெளியே அவருக்கு 'கிளெய்ம் மேடம்' என்று பெயர். முப்பத்தோரு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரி. எரிந்த கடைகளையும் காணாமல் போன லாரிகளையும் போய்ப் பார்த்து, 'இந்தத் தீ தானாகப் பிடித்ததல்ல', 'இந்த லாரி தானாகப் போனதல்ல' என்று எழுதி எழுதியே ஓய்வு பெற்றவர். மறுவாரமே சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். டைல்ஸ் ஷோரூமில் சேல்ஸ்மேனாக இருந்து, ஷோரூமே இழுத்து மூடப்பட்டதால் வீட்டில் சும்மா இருந்த மாப்பிள்ளையை உதவிக்குச் சேர்த்துக்கொண்டார். வீட்டில் எந்த மரியாதையோ அதே மரியாதைதான் ஆபீஸிலும். "அந்தச் சாக்கடைக்குள்ள கொஞ்சம் கையை விடுங்க மாப்பிள்ளை" என்பார்.

முதலாளி மேசைமேல் இரண்டு டப்பாக்களை வைத்தார். இரண்டின் மூடியிலும் ஒரே நீலத்தில் ஒரு பொட்டு.

"இது எங்க மழைக்கால நீலம். இருபத்திரண்டு வருஷமா ஓடுற சரக்கு. அது போன மாசம் எதிர்க் கம்பெனி விட்டது. கண்ணை மூடிக்கிட்டு எடுத்தீங்கன்னா எது எங்களுதுன்னு சொல்ல முடியாது."

"கண்ணை மூடிட்டா பச்சையும் சிவப்பும்கூட சொல்ல முடியாதுங்களே" என்றார் மாப்பிள்ளை.

முதலாளி அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆபீஸ் பையன் என்று அழைக்கப்படும் ஐம்பது வயதுக்காரர் டீ கொண்டுவந்து வைத்தார். முதலாளி கிளாஸைத் தொடாமல் அவரைப் பார்த்தார்.

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குங்க."

அதற்குப் பிறகுதான் குடித்தார். குடித்துவிட்டுத் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாட்டி மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "புதுசு. எனக்கு எடுப்பா இருக்கா?"

"ரொம்ப எடுப்பா இருக்குங்க" என்றார் மாப்பிள்ளை. டைல்ஸ் விற்றவர் வேறு என்ன சொல்வார்.

விஷயம் இதுதான். கம்பெனியில் முந்நூற்று நாற்பது நிறங்கள். எதில் எதை எவ்வளவு கலப்பது என்ற கணக்கு மொத்தமும் மிக்ஸிங் ரூமில் உள்ள ஒரே ஒரு கம்ப்யூட்டரில் இருந்தது. அதைத் திறக்க ஆறு வார்த்தைகளை வரிசையாக அடிக்க வேண்டும். அந்த ஆறும் முதலாளிக்கு மட்டும்தான் தெரியும். பூட்டைச் செய்து கொடுத்தவர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி. பதினோரு வருஷமாக அங்கே இருப்பவர். எல்லாருக்கும் அவர் 'சிஸ்டம் மேடம்'.

"பூட்டு செஞ்சவங்களுக்குச் சாவி தெரியாதா? அந்தம்மாதான் எடுத்திருக்காங்க. கம்ப்ளெயின்ட் டைப் பண்ணி ரெடியா இருக்கு. பன்னெண்டு மணிக்கு மேனேஜர் ஸ்டேஷனுக்கு எடுத்துட்டுப் போறார். நீங்க ஒரு ரிப்போர்ட் குடுத்தா அதையும் சேத்துப் பின் அடிச்சுடலாம்."

சுவர்க் கடிகாரத்தில் பத்தே முக்கால்.

"நாளைக்குச் சாயங்காலம் தர்றேன்" என்றார் அத்தை.

"நாளைக்கா? ஒரு மணி. போனா போகுது."

"நாளைக்கு மதியம்."

"மூணு மணிங்க. மேனேஜர் அப்புறம் வீட்டுக்குப் போயிடுவார்."

"மேனேஜருக்கு வீடு எங்கயும் ஓடிடாது. இன்னிக்கு ராத்திரி எட்டு."

"அஞ்சு. சங்கு ஊதறப்ப லெட்டர் வெளிய போகும். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது."

அத்தை மிகவும் நஷ்டப்பட்ட முகத்தோடு எழுந்தார். வராந்தாவுக்கு வந்ததும் மாப்பிள்ளை கேட்டார்: "உங்களுக்கு நிஜமா எத்தனை மணி வரைக்கும் வேணும் அத்தை?"

"நாலு."

*

பார்வையாளர் அறையில், அடுக்கிவைத்த சாம்பிள் டப்பாக்களுக்கு நடுவே, சிஸ்டம் மேடம் காலை எட்டு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தார். எந்த மெஷினையும் தொடக்கூடாது என்று உத்தரவு. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அழுத தடயம் எதுவும் இல்லை. அழுதால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று யாரோ சொல்லிவைத்தது போல் நிமிர்ந்து இருந்தார்.

"வீட்டுக்குப் போயிருக்கலாமே?" என்றார் மாப்பிள்ளை.

"போனா ஓடிட்டேன்னு ஆயிடும். அதான் உக்காந்திருக்கேன். அந்த லெட்டர் ஸ்டேஷனுக்குப் போயிட்டா, அப்புறம் பொய்யின்னு தெரிஞ்சாலும் யார் என்னைக் கம்ப்யூட்டர் பக்கத்துல விடுவாங்க? எனக்குத் தெரிஞ்ச தொழில் இது ஒண்ணுதான்."

அத்தை அவருக்கு எதிரே உட்கார்ந்தார். "பூட்டை எப்படிச் செஞ்சீங்க? எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்கம்மா."

சிஸ்டம் மேடம் பையிலிருந்து ஒரு தடித்த நோட்டையும் ஐந்து பகடைகளையும் எடுத்தார். நோட்டில் பக்கம் பக்கமாக எண்கள், எண்ணுக்கு எதிரே ஒரு வார்த்தை.

"மொத்தம் ஏழாயிரத்து எழுநூத்து எழுபத்தாறு வார்த்தை. நானே மூணு மாசம் உக்காந்து சேத்தேன். கண்ணுல பட்டது, காதுல விழுந்தது எல்லாம் இருக்கும். அஞ்சு பகடையையும் உருட்டணும். விழுற அஞ்சு எண்ணையும் வரிசையா வெச்சா ஒரு வார்த்தை கிடைக்கும். ஆறு தடவை உருட்டினா ஆறு வார்த்தை. அதுதான் சாவி."

"நாமளே நல்லதா ஆறு யோசிச்சு வெச்சுக்கிட்டா ஆகாதா?"

"ஆகாதும்மா. மனுஷன் யோசிச்சு வெச்சதை இன்னொரு மனுஷன் யோசிச்சுக் கண்டுபிடிச்சுடுவான். பகடை யோசிக்காது. அதுக்குப் பொண்டாட்டி பேரு தெரியாது, பிள்ளை பிறந்த தேதி தெரியாது, என்ன பிடிக்கும்னு தெரியாது. விழுந்ததை அப்படியே எடுத்துக்கிட்டா, எத்தனை கம்ப்யூட்டரை வெச்சு முட்டினாலும் திறக்காது."

"ஞாபகம் வெச்சுக்கிறது?"

"அதுதான் இதுல சுலபம். சார், நீங்க உருட்டுங்க."

மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துக்கொண்டு உருட்டினார். நாலு, ஒண்ணு, ஆறு, ரெண்டு, ரெண்டு. நோட்டில் பார்த்தால் 'தும்மல்'. அடுத்தது 'வாளி'. பிறகு 'கழுத்துவலி', 'ஆணி', 'தவளை', கடைசியில் 'ரசீது'.

"இப்ப இதை வெச்சு ஒரு கதை கட்டுங்க. எவ்வளவு கிறுக்குத்தனமா இருக்கோ அவ்வளவு நல்லது."

மாப்பிள்ளை இரண்டு நிமிஷம் கூரையைப் பார்த்தார். "ஒருத்தன் போட்ட தும்மல்ல தலைமேல இருந்த வாளி கவுந்து, கழுத்துவலி வந்து, வாளியை ஆணி அடிச்சு மாட்டப் போனான். ஆணியை வித்தது ஒரு தவளை. ரசீது குடுக்க மாட்டேன்னுடுச்சு."

"இதை எப்ப மறப்பீங்க?"

"சாகற வரைக்கும் மறக்கமாட்டேன் போலிருக்கே" என்றார் மாப்பிள்ளை, கொஞ்சம் கவலையோடு.

அத்தை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எட்டு நிமிஷம். முதலாளிக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"இந்த நோட்டை ஆபீஸ்ல இருக்கிற எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு பிரதி குடுத்தோம். அவங்கவங்க ஃபைலுக்கு அவங்கவங்க பூட்டு. முதலாளிக்குத் திங்கள்கிழமை காலைல குடுத்தேன். எப்படி உருட்டறதுன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டு 'ஆச்சு'ன்னார். மெஷின்ல அவரேதான் அடிச்சார். நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னேன். இதுவரைக்கும் அந்த ஆறு வார்த்தை எனக்குத் தெரியாதும்மா."

"திங்கள்லேர்ந்து வியாழன்" என்றார் அத்தை. "ஆறு வார்த்தைக்கு நாலு நாள்."

"ஒருவேளை பகடை மேசைக்கு அடியில போயிருக்கும் அத்தை" என்றார் மாப்பிள்ளை.

"எழுந்திருங்க. போய்க் கேப்போம்."

*

"பழைய ஆறு வார்த்தையைச் சொல்லுங்க" என்றார் அத்தை. "அதுதான் ஏற்கெனவே வெளிய போயிடுச்சே. இனி ஒளிச்சு வெச்சு என்ன பண்ணப்போறீங்க?"

முதலாளி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "தாமரை. சிகரம். முத்து. மகுடம். விடியல். மாளிகை."



"ஆறு லாட்ஜ் பேரு மாதிரி இருக்கே" என்றார் மாப்பிள்ளை.

அத்தை நோட்டை மடியில் வைத்து, கை போன பக்கமெல்லாம் பிரித்துப் படித்தார். "ஓட்டை. முழங்கை. கழுதை. பினாயில். கொட்டாவி. சுத்தியல். மூட்டைப்பூச்சி." நோட்டை மூடினார். "வர்ற வழியில அறுபது வார்த்தை படிச்சுட்டேன் முதலாளி. உங்க ஆறுக்குப் பக்கத்துல நிக்கிற தகுதி ஒண்ணுக்கும் இல்ல. எங்க மாப்பிள்ளை உருட்டினார், தும்மலும் தவளையும் விழுந்துச்சு. உங்களுக்கு மட்டும் ஆள் பாத்து விழுந்ததா?"

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முதல்ல உருட்டினதும் என்ன விழுந்துச்சு தெரியுமா? துடைப்பம். எங்க அப்பா காலத்து ஃபார்முலா. தினமும் காலைல நான் துடைப்பம்னு அடிச்சுத் திறக்கவா? திரும்ப உருட்டினேன். அப்புறம் பல்வலி. இந்தச் சரக்கு வேண்டாம், வேற காட்டுன்னு சொல்றதில்லையா, அந்த மாதிரி. பிடிக்கிற வரைக்கும் உருட்டினேன். அதுல என்ன தப்பு? உருட்டினது பகடைதானே?"

"பகடையோட பேரம் பேசியிருக்கீங்க" என்றார் மாப்பிள்ளை. இருபது வருஷம் வாடிக்கையாளர்களைப் பார்த்தவருக்கு இவரைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

"சரி, பிடிக்கிற வரைக்கும் உருட்டினீங்க" என்றார் அத்தை. "யாருக்குப் பிடிக்கிற வரைக்கும்?"

"எனக்குத்தான்."

"டீ நல்லா இருக்கான்னு கொண்டுவந்தவரைக் கேட்டுட்டுக் குடிக்கிறீங்க. உங்க கண்ணாடியை எங்க மாப்பிள்ளை பாத்துச் சொல்லணும். நாலு சுவருக்கு நாலு பேரைக் கேட்டிருப்பீங்க போல. பரம்பரை ஃபார்முலாவுக்குப் பூட்டு வெக்கறப்ப மட்டும் யாரையும் கேக்காம இருந்தீங்களா?"

"நான் யார்கிட்டயும் சொல்லல."

"சொன்னீங்களான்னு கேக்கல. கேட்டீங்களான்னு கேக்கறேன்."

முதலாளி மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தினார். பிறகு பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்.

"கேக்கறது வேற, சொல்றது வேறங்க."

"யாரை?"

"கவிஞரைத்தான்."

கவிஞர் என்றால் மாடி அறையில் உட்கார்ந்து பெயின்ட்டுக்குப் பெயர் வைப்பவர். 'மழைக்கால நீலம்', 'அந்திச் சிவப்பு' எல்லாம் அவர் கைவேலை. இருபத்துநாலு வருஷத்தில் அறுநூறு பெயர் வைத்திருக்கிறார். அதற்கு மேல் அவர் முதலாளிக்குச் சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர்.

"பாஸ்வேர்டுன்னு மூச்சு விடல" என்றார் முதலாளி. "ஒரு வார்த்தை நல்லதா விழுந்தா மாடிக்குப் போன் பண்ணி, 'அடுத்த ஷேடுக்குத் தாமரைன்னு வெக்கலாமா?'ன்னு கேப்பேன். அவர் 'சுமார்'னா விட்டுடுவேன். 'அருமை'ன்னா எழுதிக்குவேன். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. மொத்தமா கேக்கற அளவுக்கு நான் என்ன ஏமாளியா?"

மாப்பிள்ளை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஆறு 'அருமை'. ஆறும் வரிசையாக.

"அப்படின்னா பாஸ்வேர்டை வெச்சதே கவிஞர்தானே" என்றார்.

முதலாளி பேப்பர்வெயிட்டை மறுபடி நகர்த்தினார்.

"அது பாஸ்வேர்டுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கணுமே. தெரியாமலும் இருந்திருக்கலாம்" என்று முணுமுணுத்தார். "ஷேடுக்குன்னுதான் கேட்டேன்."

அத்தை எழுந்து பச்சைச் சுவரில் தொங்கிய ஷேடு கார்டின் முன்னால் போய் நின்றார். இந்த சீசனுக்கு வந்த புது நிறங்கள், நாற்பத்தெட்டு சின்னச் சதுரங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர்.

"இது அந்த வியாழக்கிழமைக்கு முன்னாடி வந்ததா, பின்னாடியா?"

"மூணு மாசம் பின்னாடி."

"மாப்பிள்ளை, இதுல தாமரை இருக்கா பாருங்க. சிகரம், முத்து, மீதியும்."

மாப்பிள்ளை மூக்கு சுவரில் படும்படி நாற்பத்தெட்டையும் படித்தார். "மல்லிகை இருக்கு. குங்குமம் இருக்கு. பட்டு, தேன், மேகம் இருக்கு. நீங்க சொன்ன ஆறுல ஒண்ணுகூட இல்ல அத்தை."

"ஷோரூம்ல முதலாளி உங்க கிட்ட வந்து, 'இந்த டைல்ஸ் வாசல்ல வெக்கலாமா?'ன்னு கேட்டா என்ன பண்ணுவீங்க?"

"அன்னிக்குச் சாயங்காலமே வாசல்ல வெச்சிருப்பேன்."

"இவர் ஷேடுக்குன்னு ஆறு வார்த்தை கேட்டிருக்கார். கவிஞரே ஆறையும் அருமைன்னு சொல்லியிருக்கார். மூணு மாசம் கழிச்சு நாப்பத்தெட்டு நிறத்துக்குப் பேரு தேடறப்ப, முதலாளிக்கே பிடிச்ச ஆறை ஒருத்தர் ஏன் தொடாம விடுவார்? அது ஷேடுக்கு இல்லைன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தாத்தான். ஆபீஸ்ல எல்லாருக்கும் நோட்டு குடுத்திருக்காங்க. ஆறாவதோட நீங்க கேக்கறதை நிறுத்தினதும் அவர் எண்ணிப் பாத்துட்டார்."

அத்தை திரும்பி வந்து எதிர்க் கம்பெனி டப்பாவை முதலாளி பக்கம் தள்ளினார். "இவங்க இதுவரைக்கும் நிறத்துக்கு என்ன பேரு வெப்பாங்க?"

"பேரே கிடையாது. நம்பர்தான். நாப்பத்தேழு, நாப்பத்தெட்டுன்னு போடுவாங்க."

"இதுல என்ன போட்டிருக்கு?"

முதலாளி படித்தார். அவர் குரல் இறங்கியது. "தூறல்."

"உங்க பேரை விட நல்லா இருக்குங்களே" என்றார் மாப்பிள்ளை.

"அவர் என் சகலைங்க" என்றார் முதலாளி.

"தெரியும். சாவியை மாத்திட்டீங்களா?"

முதலாளி இப்போது பச்சைச் சுவரைப் பார்த்தார். பிறகு மஞ்சளை. "மாத்திக்கிட்டு இருக்கேன். அதுவரைக்கும் மெஷினை நிறுத்தி வெச்சிருக்கேன்."

"இருக்கீங்கன்னா?"

"அஞ்சு வார்த்தை ஆயிடுச்சு. ஆறாவதை அவர் இன்னும் அருமைன்னு சொல்லல."

அத்தை நெடுநேரம் அவரைப் பார்த்தார். எரிந்த கடைகளை அவர் அப்படித்தான் பார்த்திருப்பார் என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது.

"அதுவும் நல்லதுக்குத்தான்" என்றார் அத்தை. "ஆறாவதை இப்பவே கேட்டுடலாம். போனை எல்லாருக்கும் கேக்கற மாதிரி வைங்க."

*

நல்ல வார்த்தை விழ முப்பத்தேழு தடவை உருட்ட வேண்டியிருந்தது. முதலாளி போனை எடுத்தார்.

"சகலை, அடுத்த ஷேடுக்குத் 'தூண்'னு வெக்கலாமா?"

"கனமா இருக்கு சகலை" என்றது போன். "வீட்டுக்காரம்மா பயப்படுவாங்க."

இருபது நிமிஷம் கழித்து: "'முரசு'?"

"சத்தம். படுக்கற ரூமுக்கு யார் முரசு அடிப்பா?"

இன்னும் அரை மணி கழித்து: "'நிலவு'?"

போன் ஒரு கணம் மூச்சை இழுத்தது. "அருமை."

முதலாளி முகத்தில், என்ன நடக்கிறது என்பதையே மறந்து, ஒரு சந்தோஷம் வந்து போனது. பிறகு அத்தை எழுதிக்கொடுத்த துண்டுச்சீட்டைப் பார்த்துப் படித்தார்: "அப்புறம் சகலை, மிக்ஸிங் ரூம் மெஷின் இன்னிக்கு மூணு மணிலேர்ந்து ஓடும். பூட்டை மாத்தியாச்சு."

அடுத்து மெஷினைத் தயார் செய்ய வேண்டும். யார் எதை அடித்தாலும் திறக்காமல், அடித்த எழுத்து அப்படியே முதலாளி அறைத் திரையில் தெரிய வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர் ஒருவர்தான்.

"அந்தம்மா கை மெஷின்ல படக்கூடாது" என்றார் முதலாளி.

"வாய் படலாமா?" என்றார் அத்தை. "அவங்க சொல்லட்டும். கை எங்க மாப்பிள்ளையோடது."

மாப்பிள்ளைக்கு டைப்பிங் தெரியும், ஒரு விரலில். பதினாலு வரி அடிக்க ஐம்பது நிமிஷம் ஆனது. சிஸ்டம் மேடம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். ஒன்பதாவது வரியில் மாப்பிள்ளை தப்பாக அடித்தபோது அவர் தோள் மட்டும் துடித்தது. தொடவில்லை.

"கோபம் வரலையாங்க?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"அதுக்கு முன்னாடி ஒரு புள்ளி வெக்கணும் சார்" என்றார் அவர்.

நாலேகாலுக்கு டீ மணி அடித்தது. மிக்ஸிங் ரூமிலிருந்து ஆட்கள் முற்றத்துக்குப் போனார்கள். முதலாளி அறையில், சிஸ்டம் மேடத்தோடு சேர்த்து, நாலு பேரும் ஒரு திரையைச் சுற்றி நின்றார்கள். திரை காலியாக இருந்தது. முதலாளியின் மேசையில் கம்ப்ளெயின்ட் லெட்டர் கவருக்குள் இருந்தது, அதன்மேல் பேப்பர்வெயிட்.

நாலு இருபத்தாறுக்குத் திரையில் ஒரு எழுத்து வந்தது. பிறகு இன்னொன்று.

வசந்தம்.

"நல்ல வார்த்தைதானே, யார் வேணா அடிக்கலாம்" என்றார் முதலாளி.

அருவி. சந்தனம்.

"எதேச்சையா இருக்கும்."

பவளம். ஓவியம்.

முதலாளி தன் புது வார்த்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலாக மடக்கிக்கொண்டிருந்தார். திரை நின்றுவிட்டது. பத்து விநாடி. அவர் விரல்கள் ஐந்தும் மடங்கியிருந்தன. அடுத்த கையில் ஒரு விரலை மடக்கலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றார்.

நிலவு.

மாப்பிள்ளை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். முதலாளி அதில் உட்கார்ந்தார்.

*

கவிஞர் ஒல்லியான, சுத்தமாகச் சவரம் செய்த மனிதர். மெஷினுக்கு முன்னால் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தார். நாலு பேர் கதவில் வந்து நின்றதும் கிளாஸைக் கீழே வைத்தார்; எழுந்திருக்கவில்லை.

"ஷேடு பேரு டைப் பண்ணிப் பாத்துட்டு இருந்தேன்" என்றார்.

"பேரு வெக்கிற ரூம் மாடியில இருக்கு" என்றார் அத்தை. "இந்த மெஷின்ல ஃபார்முலா மட்டும்தான்."

கவிஞர் திரையைப் பார்த்தார், சகலையைப் பார்த்தார். "நான் எதையும் திருடல சகலை. ஒவ்வொரு வார்த்தையும் நான் அருமைன்னு சொன்னதுக்கப்புறம்தான் நீங்க வெச்சீங்க. என் வார்த்தையை நான் அடிச்சேன்."

"ஏன்யா?" என்றார் முதலாளி. பணம் எவ்வளவு என்று கேட்பார் என மாப்பிள்ளை எதிர்பார்த்தார். கேட்கவில்லை. "என்ன குறை வெச்சேன் உனக்கு?"

"அறுநூறு பேரு வெச்சேன். ஷேடு கார்டுக்குக் கீழே, எறும்பு சைஸ்ல, 'பெயர் சூட்டியவர்'னு என் பேரைப் போடச் சொன்னேன். எதிர்க் கம்பெனிக்காரங்க போடறேன்னாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"மூணு தடவை கேட்டேன். 'போட்டா நல்லா இருக்குமா?'ன்னு நீங்க மேனேஜரைக் கேட்டீங்க. அவர் வேண்டாம்னார்."

முதலாளிக்கு அது ஞாபகம் வந்தது தெரிந்தது. கவிஞர் எழுந்து, டீ கிளாஸை எடுத்துக்கொண்டு, நாலு பேருக்கும் நடுவில் வழி கேட்டு வெளியே போனார். யாரும் தடுக்கவில்லை. அவர் எங்கே போவார் என்று முதலாளிக்குத் தெரியும். அதே தெருவில் நாலாவது வீடு.

நாலு ஐம்பது. முதலாளி, மேசையிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்த கவரை எடுத்து நாலாகக் கிழித்தார். கிழித்ததை வைத்துக்கொள்ள இடம் தெரியாமல் மாப்பிள்ளை கையில் கொடுத்தார். பிறகு சிஸ்டம் மேடம் இருந்த திசையில், அவரைப் பார்க்காமல் சொன்னார்:

"சரிம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. போய் வேலையைப் பாருங்க."

சிஸ்டம் மேடம் நகரவில்லை.

"காலைல எட்டு மணிக்கு நாப்பத்திரண்டு பேர் பாக்கறப்ப என்னை அந்த ரூம்ல கொண்டுபோய் உக்கார வெச்சீங்க. திருடினேன்னு அவங்களுக்கு மேனேஜர் சொல்லியிருக்கார். இப்ப இல்லைன்னு யார் சொல்லுவா?"

"மேனேஜரையே சொல்லச் சொல்றேன்."

"நீங்க சொல்லணும்."

"சரி, நானே சொல்றேன். மாசக் கடைசி மீட்டிங்ல."

"இன்னிக்கு."

"நாளைக்குக் காலைல வெச்சுக்கலாமே. எல்லாரும் ஃப்ரெஷ்ஷா இருப்பாங்க."

"இன்னிக்கு. சங்கு ஊதினதும். முற்றத்துல நின்னு."

"ஒரு நோட்டீஸ் ஒட்டிடட்டுமா? எழுத்துல இருந்தா உங்களுக்குத்தானே நல்லது?"

"வாயால."

முதலாளி பழக்கதோஷத்தில் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க தம்பி. அவ்வளவு பேர் முன்னாடி நான் போய் நின்னா நல்லா இருக்குமா?"

மாப்பிள்ளை வாயைத் திறக்கும் முன் அத்தை சொன்னார்: "அவரைக் கேக்காதீங்க. அவர் எடுப்பா இருக்குன்னுதான் சொல்லுவார்."

சங்கு ஊதியது.

முற்றத்துக் குழாயடியில் ஆட்கள் கிரசினில் கை தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். முதலாளி வாசற்படியில் வந்து நின்றதும் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். முழங்கை வரை நீலமும் சிவப்புமாக நாற்பத்திரண்டு ஜோடிக் கைகள் சொட்டிக்கொண்டு நின்றன. சிஸ்டம் மேடம் கூட்டத்துக்கு இந்தப் பக்கம், முதலாளிக்கு நேர் எதிரே நின்றார்.

"ஃபார்முலா வெளிய போனதுக்கும் சிஸ்டம் மேடத்துக்கும் சம்பந்தம் இல்ல" என்றார் முதலாளி, தன் செருப்பைப் பார்த்து. "என்னோட தப்பு."

பின்வரிசையில் குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "கேக்கலைங்க முதலாளி" என்று ஒருவர் குழாயை மூடினார்.

முதலாளி தலையை நிமிர்த்தி மறுபடி சொன்னார். இந்தத் தடவை கேட் காவலாளி வரைக்கும் கேட்டது. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். நன்றாக இருந்ததா என்று கேட்க அங்கே ஆள் இல்லை. சிஸ்டம் மேடம் மட்டும் முதலாளியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது தடவை, யாரும் கேட்காமலே, முதலாளி அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.